வரி நந்தியாவட்டைக்கு வைத்தியம்

படுக்கையறையிலிருந்து சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பெட்டியின் முதல் ஜிப்பு.

கூடத்தில் சங்கரசுப்பிரமணியன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெட்டிக்கு மொத்தம் மூன்று ஜிப்புகள். ஐந்து மாதத்துக்கு முன்னால் அதை மூடி, பூட்டுப் போட்டு, ரயிலில் ஏற்றிவிட்டவரே அவர்தான். முதல் ஜிப்பில் சேலைகள். இரண்டாவதில் மகள் மதுமதி கொடுத்தனுப்பிய பலகாரம். மூன்றாவதில் பிறந்து நாலு மாதமான பேத்தியின் படங்கள். மூன்றையும் திறந்து முடித்ததும் அவர் மனைவி பிரம்மநாயகி முகம் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போவாள். வாசற்படிக்கு இடது பக்கம் நிற்கிற செடியைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை.

பெங்களூர் ரயில் விடியுமுன் வந்து சேர்ந்தது அவர் முன்ஜென்மத்தில் செய்த புண்ணியம். ஆட்டோவை விட்டு இறங்கும்போது தெருவிளக்கும் எரியவில்லை. தச்சநல்லூரில் தெருவிளக்கு எரியவில்லை என்று மூன்று மனு எழுதிப் போட்டவர், அன்றைக்குத்தான் அந்த மனுக்களைக் கண்டுகொள்ளாதவர்களை மனதாரக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏங்க, செடி எப்படி இருக்கு?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருக்கு. செடி இருக்கு."

இதில் பொய் ஒன்றும் இல்லை. வாசலில் ஒரு செடி இருந்தது.

சர்ர்ர். இரண்டாவது ஜிப்பு.

சங்கரசுப்பிரமணியன் முப்பத்துமூன்று வருஷம் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சேரன்மாதேவி, களக்காடு, நாங்குநேரி என்று பந்தாடிவிட்டு, கடைசிப் பன்னிரண்டு வருஷம் அவரை முக்கூடலில் உட்காரவைத்தார்கள். உத்தியோகம் போனாலும் கை போகவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலில் நிற்கிற செடியின் இலையைப் புரட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார். மகள் கல்யாணத்தில் மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பார்த்துவிட்டு, "இலைப்புள்ளி நோய், ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம்" என்று சம்பந்தியிடம் சொன்ன மனுஷர் அவர். தாம்பாளத்தில் நீட்டிய வெற்றிலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நாலு இலையைத் தள்ளுபடி செய்தார். பெண்ணுக்கு அப்பா ரொம்பக் கண்டிப்பானவர் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் பயப்படுகிறார்கள்.

அவருடைய வாழ்க்கையில் ஒரு பொற்காலம் உண்டு. அதன் பெயர் கருத்தையாவின் வயல்.

முக்கூடல் பக்கம் ஒரு பிசானப் பருவச் சாகுபடியில் கருத்தையாவின் நெற்பயிர் நட்ட இருபதாம் நாள் செம்பட்டை பாய்ந்து குன்றி நின்றுவிட்டது. வயலுக்கு யாரோ கண்ணுபோட்டுவிட்டார்கள் என்று கருத்தையா வரப்பில் உட்கார்ந்து அழுதார். சங்கரசுப்பிரமணியன் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். ஒரு இலையைப் புரட்டினார். "சிங்க் சல்பேட் போடும் வே" என்றார். பத்தே நாள். வயல் கிளிப்பச்சையாக எழுந்து நின்றது. கருத்தையா ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு அலுவலகத்துக்கே வந்து, எல்லாரும் பார்க்க, "சார்வாள் கையி மருந்துக் கையி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மிச்ச உத்தியோகத்தையும் ஓட்டினார். மனிதனுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற பாராட்டு ரொம்பப் பொல்லாதது.

ஓய்வு பெற்றதும் தச்சநல்லூரில் வீடு கட்டினார்கள். அதுவரை வாடகை வீடுகளில் உடைந்த வாளியிலும் எண்ணெய் டின்னிலும் செடி வளர்த்துக்கொண்டிருந்த பிரம்மநாயகிக்கு முதல்முதலாகச் சொந்த மண் கிடைத்தது. மருந்துக் கைக்கும் சொந்த மண் கிடைத்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கறிவேப்பிலைக் கன்றுக்கு யூரியா வைத்தார். அது நாலாம் நாள் கருகியது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டது, மருந்தடித்தார். இலையெல்லாம் கொட்டியது. "பூச்சி பொழச்சிக்கிட்டு, செடிதான் போயிட்டு" என்று பிரம்மநாயகி தெரு முழுக்கச் சொன்னாள். கனகாம்பரத்துக்கு நேர்ந்ததை இங்கே சொல்லாமல் விடுவதே மரியாதை.

அன்றைக்கு ஒரு சட்டம் வந்தது. கேட்டிலிருந்து வாசல்வரை உள்ள சிமெண்ட் பாதையில் மட்டும் அவர் நடக்கலாம். இரண்டு பக்கமும் மண்ணில் கால் படக் கூடாது. சிங்க் சல்பேட், இரும்புச்சத்துக்கான அன்னபேதி உப்பு, கைத்தெளிப்பான் எல்லாம் ஒரு பெட்டிக்குள் போய், பெட்டி பரணுக்குப் போயிற்று. ஐந்து வருஷம்! பயிரோடு பேசிப் பழகிய ஒரு மனுஷன் ஐந்து வருஷம் தன் வீட்டுச் செடிகளை, சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற உறவுக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அந்தக் காலத்தில்தான் வரி நந்தியாவட்டை வந்தது.

பிரம்மநாயகியை அண்ணி முறை வைத்து 'மயினி' என்று கூப்பிடுகிற அடுத்த வீட்டு ஹமீது பீவி குலசேகரன்பட்டினத்தில் உள்ள தன் அக்கா வீட்டிலிருந்து ஒரு கம்பை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரம்மநாயகி அதை வாசற்படிக்கு இடது பக்கம் ஊன்றினாள். மூன்று வருஷத்தில் முழங்கால் உயரம் வந்தது. அதற்குமேல் வளராமல், குண்டுக் குழந்தைபோல அடக்கமாக உருண்டு நின்றது. சாதாரண நந்தியாவட்டை இலை முழுப்பச்சையாக இருக்கும். இதன் இலைக்கு ஓரமெல்லாம் பால் வெள்ளை, கோலமாவை விரலில் தொட்டு இழுத்துவிட்டதுபோல. சித்திரை வெயிலிலும் இலை உதிராது. ஒற்றைச் சுற்றில் ஐந்து இதழ் வைத்த வெள்ளைப் பூ, தினமும் ஏழெட்டாவது பூக்கும். காலையில் பூப்பறித்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு, இரண்டு பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால்தான் பிரம்மநாயகிக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு. "பூக்காத அன்னைக்குக்கூட இலையே பூ மாதிரி இருக்கும்" என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள்.

மகளுக்குப் பிரசவம் என்று அவள் பெங்களூர் கிளம்பிய அன்று, வாசலில் நின்று, கண் கலங்க ஒரு வார்த்தை சொன்னாள்.

"தெனமும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. அவ்வளவுதான். உங்கள நம்பித்தான் இதை விட்டுட்டுப் போறேன். நான் வரும்போது இது உயிரோட இருந்தா, தோட்டத்துல பாதி உங்களுக்கு."

பாதித் தோட்டம்! முருங்கைக்கு மேற்கே உள்ளது அத்தனையும்!  ரயில் நகர்ந்த பிறகும் சங்கரசுப்பிரமணியன் நடைமேடையில் நின்று கையசைத்துக்கொண்டே இருந்தார். பார்த்தவர்கள் மனைவியை விட்டுப் பிரிய முடியாமல் தவிக்கிறார் என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலை சொம்புத் தண்ணீரோடு ஐந்து வருஷத்தில் முதல்முறையாக மண்ணில் கால் வைத்தார். வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அதுவரை சிமெண்ட் பாதையிலிருந்து பார்த்து, காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடித்தபோது சிந்திய சுண்ணாம்பு என்றே நினைத்திருந்தார். இப்போது இலையைப் புரட்டிப் பார்த்தால், சுண்ணாம்பு இல்லை. இலையே வெளுத்திருக்கிறது. ஓரத்திலிருந்து உள்ளே பாய்கிற வெளுப்பு. நாள்பட்ட சத்துக்குறை! வளர்ச்சி வேறு குன்றியிருக்கிறது. மூன்று வருஷச் செடி, முழங்கால் உயரம்தான்!

'அடப் பாவமே! நோயாளிப் பிள்ளையை நோய் என்று தெரியாமலே வளர்த்திருக்கிறாளே!' என்று அவர் நெஞ்சு உருகியது. படிக்காத தாய் செய்கிற தப்பு. அவள்மேல் கோபப்பட முடியுமா? முடியாது. படித்த தகப்பன் எதற்கு இருக்கிறான்?

பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

வாரம் ஒருமுறை சிங்க் சல்பேட். பத்து நாளுக்கு ஒருமுறை அன்னபேதிக் கரைசல். இரண்டாம் மாதம் அடித்தூரிலிருந்து ஒரு குருத்து கிளம்பியது. முழுப்பச்சை! ஒரு பொட்டு வெள்ளை இல்லை! அது மற்றக் கொம்புகளைவிட இரண்டு மடங்கு வேகமாக நிமிர்ந்தது. சங்கரசுப்பிரமணியன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து பிடித்துவிட்டது! கருத்தையாவின் வயலுக்குப் பிறகு அவர் கைக்குக் கிடைத்த இரண்டாவது வெற்றி. பச்சைக் குருத்துக்குச் சத்து முழுதும் போகட்டும் என்று, வெள்ளை பாய்ந்த கொம்புகளை ஒவ்வொன்றாக நறுக்கி எறிந்தார். நறுக்கிய இடத்தில் பால் வடிந்ததைப் பார்த்து, 'ரத்த ஓட்டம் நல்லா இருக்கு' என்று திருப்திப்பட்டார்.

பிரம்மநாயகி ஃபோனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் செடியைக் காட்டச் சொல்லுவாள். அவர் காட்டவில்லை.

"நேர்ல பாரு. ஒனக்கு ஒரு அதிசயம் வச்சிருக்கேன்."

"அதிசயமா? ஏங்க, செடி பச்சையா இருக்குல்லா?"

"பச்சைன்னா பச்சை, அப்படியொரு பச்சை!"

 பேத்தி அழுகிறாள் என்று சொல்லி அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

பிரம்மநாயகி திரும்பி வர இருபத்திரண்டு நாள் இருக்கும்போது, அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று குலசேகரன்பட்டினத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஹமீது பீவி ஊருக்குத் திரும்பினாள். கேட்டைத் திறந்து வந்தவள் இங்கும் அங்கும் தேடினாள்.

"அண்ணாச்சி, மயினி வச்ச வரிச்செடி எங்கன?"

"இதுதாம்மா."

"எது?"

"ஒன் முன்னாலயே நிக்கே! நோயெல்லாம் தீந்துட்டு."

இடுப்பு உயரத்துக்குக் கரும்பச்சையாகத் திமிறிக்கொண்டு நின்ற புதரைப் பார்த்து, பீவி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்தினாள். "யா அல்லா! அதுக்கு என்ன நோயி அண்ணாச்சி?"

"ஓரமெல்லாம் வெளுத்துக் கெடந்துச்சுல்லா? இப்பப் பாரு. ஒரு எலையில வெள்ளையக் காட்டு பாப்போம்!"

"அதைத்தான் நானும் தேடுதேன்" என்றாள் பீவி. பிறகு, பைய, சாவுச் செய்தி சொல்லுகிறவர்களின் குரலில் சொன்னாள். "அது நோயி இல்ல அண்ணாச்சி. அதோட நெறமே அதுதான். எங்க அக்கா அந்த வெள்ளைக்காகத்தான் அதைப் பொத்திப் பொத்தி வளக்கா. வெறும் பச்சை வேணும்னா ரோட்டோரத்துல கெடக்கே, ஒரு கம்பை ஒடிச்சு வச்சா போதாதா?"

சங்கரசுப்பிரமணியனின் கையிலிருந்த தெளிப்பான் நழுவிக் கீழே விழுந்தது. முப்பத்துமூன்று வருஷ உத்தியோகம் அதோடு சேர்ந்து விழுந்தது. முருங்கைக்கு மேற்கே உள்ள பாதித் தோட்டம் கண்ணெதிரே தூரமாகப் போயிற்று.

"மயினிகிட்ட..." என்றார். 

"நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. அல்லாமேல ஆணை."

அவர் நேரே கருத்தையாவிடம் ஓடினார். கருத்தையா இப்போது வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தச்சநல்லூர் பைபாஸில் செடிகள் விற்கிற நர்சரி வைத்திருந்தார். சார்வாளைக் கண்டதும் எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அந்த மரியாதை சங்கரசுப்பிரமணியனுக்கு முள்ளாகக் குத்தியது.

"வே கருத்தையா, இந்த வரி நந்தியாவட்டையில திடீர்னு முழுப்பச்சையா ஒரு கொம்பு வந்தா என்னவே செய்யணும்?"

"அன்னைக்கே அடியோட கிள்ளி எறிஞ்சிரணும் சார்வாள். பச்சைக்கு வேகம் சாஸ்தி. விட்டா வெள்ளைய அமுக்கிப்போடும். ஏன், ஒம்ம வீட்டுல வந்திருக்கா?"

"வந்துச்சு."

"கிள்ளிட்டீரா?"

"கிள்ளினேன்" என்றார் சங்கரசுப்பிரமணியன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளைய" என்றார்.

கருத்தையா பெரிய மனுஷர். சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். உதட்டைக் கடித்தார். அந்தப் பக்கம் திரும்பி ஒரு தொட்டியை நகர்த்தினார். முடியவில்லை. கடைசியில் எருமூட்டையின்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்து கிருந்து வச்சீரோ?"

"சிங்க் சல்பேட்."

"ஐயோ, போதும் சார்வாள், போதும்! என்னால முடியல!"

சிரித்து ஓய்ந்த பிறகு அவரே வழியும் சொன்னார். "ஒரு சாணுக்கு மேல விடாம வெட்டிப்போடும். பச்சை வந்த தூரைச் சுரண்டி எடும். அடிக்கட்டையில எங்கயாச்சும் வெள்ளை ஒளிஞ்சு கெடந்தா தலைகாட்டும். இல்லன்னா இல்ல. அதுவரைக்கும் ஒரு புண்ணியம் செய்யும்: ஒண்ணும் செய்யாதீரும்."

சங்கரசுப்பிரமணியன் சொன்னபடி செய்தார். கூடவே சொல்லாத ஒன்றையும் செய்தார். அந்த நர்சரியிலேயே முழங்கால் உயரத்தில், ஓரம் வெளுத்த, அச்சாக அதேபோல ஒரு செடியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். பழைய செடியை வெட்டி, வேரோடு தோண்டி, ஒரு பழைய பெயின்ட் வாளியில் வைத்துக் குளியலறைக்குப் பின்னால் மறைத்தார். புதியதை வாசலில் ஊன்றினார். உண்மையான பத்தினி வீட்டின் பின்னால் வாளியில் கிடக்க, வந்தவள் வாசலில் வீற்றிருந்தாள்.

சர்ர்ர். மூன்றாவது ஜிப்பு திறந்தது. மூடியது.

பொழுது விடிந்திருந்தது. பிரம்மநாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசலுக்குப் போனாள். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ஆத்தாடி" என்றாள் அவள். "நல்லா இருக்கே! அப்படியே விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."

அவருக்கு மூச்சு வந்தது. பாதித் தோட்டம் திரும்பி வந்தது. முருங்கைக்கு மேற்கே கத்தரி போடலாமா, வெண்டை போடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்துவிட்டது.

"அதிசயம் வச்சிருக்கேன்னு சொன்னியளே, எங்கன?"

"அதான்... இதுதான். உயிரோட இருக்குல்லா."

பிரம்மநாயகி குனிந்தாள். இலைகளுக்கு நடுவே அன்றைக்குத்தான் ஒரு மொட்டு அவிழ்ந்திருந்தது. அதைப் பறித்துக் கண்ணருகே கொண்டுபோனாள். கொண்டுபோன கை பாதியில் நின்றது.

ஒற்றைப் பூ இல்லை. ரோஜாப்பூப்போல இதழுக்குள் இதழாகச் சுருண்டிருக்கிற அடுக்கு நந்தியாவட்டை.

இலையை மட்டும் பார்த்து வாங்கிய ஆபீசருக்குப் பூவைக் கேட்கத் தோன்றவில்லை!

"ஏங்க, இது என்ன அடுக்கா பூத்திருக்கு?"

"அது..." அவர் தொண்டையைச் செருமினார். "சத்து நல்லா ஏறினா சில சமயம் அப்படி ஆவும். ஒத்தை அடுக்காயிரும்."

"அப்படியா! எனக்குத் தெரியாமப் போச்சே. அப்ப நம்ம பேத்திக்கும் அந்தச் சத்தைக் கொடுத்தா ரெட்டைப் பிள்ளையா ஆயிருமோ?"

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. ஹமீது பீவி வந்தாள். கையில் என்னவோ ஒன்றை முந்தானையால் மூடி வைத்திருந்தாள்.

"மயினி! எப்ப வந்திய? பேத்தி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா பீவி. இங்க வந்து பாரேன், அண்ணாச்சி ஒத்தைப் பூவை அடுக்காக்கிட்டாவ!"

பீவி பூவைப் பார்த்தாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். பாவம், வாக்குக் கொடுத்தவள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

சங்கரசுப்பிரமணியனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பொய் சொல்லிப் பழகாத மனுஷன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பிரம்மு, இது ஒன் செடி இல்ல. கருத்தையாகிட்ட வாங்கினது. ஒன் செடிக்கு நோயின்னு நெனச்சு நான்தான் வைத்தியம் பாத்துட்டேன். வெள்ளையெல்லாம் நறுக்கிட்டேன். நீ நம்பி விட்டுட்டுப் போன. நான் கெடுத்துட்டேன். தோட்டம் வேண்டாம். எனக்குச் சிமெண்ட் பாதையே போதும்."

 விறுவிறுவென்று வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், பெயின்ட் வாளியைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்தார். ஒரு சாண் கட்டை. மொட்டையாக நின்றது. பிரம்மநாயகி உட்கார்ந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மண்ணை ஒட்டி ஒரு கணுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு இலை. இரண்டின் ஓரத்திலும் நூல்போல வெள்ளை.

"இது எப்ப வந்துச்சு?"

"அஞ்சு நாளாச்சு. அதுவா வருதோ, நான் ஆசையில பாக்கேனோன்னு தெரியாம ஆருகிட்டயும் சொல்லல."

"என்ன மருந்து வச்சிய?"

"ஒண்ணும் வைக்கல. தெனமும் ஒரு சொம்பு தண்ணி. நீ சொன்ன மாதிரி."

"சத்தியமா?"

"சத்தியமா. கை நமநமங்கும். ரெண்டு கையையும் கக்கத்துல வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

பிரம்மநாயகி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு நாள் ஒரு செடிக்குப் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த சங்கரசுப்பிரமணியனை அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை. அவள் கண்ணோரம் லேசாக நனைந்ததோ என்னவோ; அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"எனக்கு எல்லாம் அன்னைக்கே தெரியும்."

அவர் திரும்பிப் பீவியை முறைத்தார். "அல்லாமேல ஆணைன்னு சொன்னியேம்மா!"

"ஒரு வார்த்தை சொல்லல அண்ணாச்சி! படம் எடுத்து அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே பீவி முந்தானையை விலக்கினாள். உள்ளே ஒரு சின்ன மண்தொட்டி. அதில் நாலு விரல் உயரத்துக்குப் பிஞ்சு வரி நந்தியாவட்டை. உச்சியில் ஒற்றைப் பூ ஒன்று. "மயினி ஊருக்குப் போறதுக்கு முந்தின நாளே ஒரு கம்பைக் கொடுத்துட்டுப் போயிட்டாவ. நான் இல்லாதப்ப என் மருமவ அஸ்ஃபியா தண்ணி ஊத்தினா."

சங்கரசுப்பிரமணியனுக்கு இது நெஞ்சில் விழுந்த அடி. "அப்ப நீ என்னை நம்பவே இல்லையா?"

"நம்பினேங்க. நம்பினதாலதான் ஒரு கம்பை மட்டும் ஒடிச்சுக் கொடுத்தேன். நம்பலன்னா செடியையே தோண்டிக் கொடுத்திருப்பேன்."

 அவர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் முப்பத்துமூன்று வருஷம் அரசாங்க உத்தரவு படித்த மூளை அது; கொஞ்ச நேரத்தில் ஒரு சந்து கண்டுபிடித்தது.

"பிரம்மு, நீ போவும்போது சொன்னது, 'நான் வரும்போது இது உயிரோட இருந்தா'ன்னுதானே?"

"ஆமா."

"உயிரோட இருக்கே."

பீவி வாய்விட்டுச் சிரித்தாள். "கேட்டியளா மயினி! செடிக்கும் ஆயுசு ஹயாத்து கெட்டி, அண்ணாச்சிக்கும் வாய் கெட்டி!"

பிரம்மநாயகி கையிலிருந்த அடுக்குப் பூவை அவரிடம் நீட்டினாள். "இந்தாங்க, மொதல்ல இதைக் கண்ணுல ஒத்திக்கிடுங்க. இனிமேலாவது பச்சையும் வெள்ளையும் தெளிவாத் தெரியட்டும். பாதித் தோட்டம் தாரேன். ஆனா அந்த மருந்துப் பெட்டி இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"பரண்ல..."

"பரண்லயும் கூடாது. பீவி, ஒன் வீட்டு மாடியில பூட்டி வச்சுக்கிடுதியா?"

"சாவிய எங்க அக்காகிட்ட கொடுத்திருதேன் மயினி. குலசேகரன்பட்டினம் போயி வாங்கணும்."

பெட்டி வந்தது. அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மூடியின்மேல் படிந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்தார். கைத்தெளிப்பானின் மூக்கைத் திருகிச் சரிபார்த்தார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற தகப்பனைப்போல, "நனையாம வச்சிரும்மா, கட்டி தட்டிப்போவும்" என்றார். மதுமதியை மாப்பிள்ளையோடு அனுப்பும்போதுகூட அந்தக் குரல் இவ்வளவு தழுதழுக்கவில்லை என்று பிரம்மநாயகி பின்னால் பலரிடம் சொன்னாள்.

"அப்ப போயிட்டு வாரேன் மயினி. வாரேன் அண்ணாச்சி." பீவி பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டுவரை போய்விட்டாள்.

"பீவி, கொஞ்சம் நில்லு" என்றாள் பிரம்மநாயகி. பிறகு அவர் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை நீட்டினாள். "சட்டைப்பையில இருக்கதையும் கொடுங்க."

சங்கரசுப்பிரமணியன் வானத்தைப் பார்த்தார். முருங்கையைப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு சின்ன சிங்க் சல்பேட் பொட்டலத்தை எடுத்து அதில் வைத்தார்.

பீவி திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள். அவள் சிரிப்பு கேட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டு மாடிப்படி ஏறுகிறவரை கேட்டது.

"கதவைச் சாத்திட்டு வாங்க" என்றாள் பிரம்மநாயகி, வாளியைத் தூக்கிக்கொண்டு. "காபி போடுதேன். குடிச்சிட்டு இதை அதோட எடத்துல வைக்கணும். குழி நீங்கதான் தோண்டணும்."

அவர் கதவைச் சாத்தினார்.